கூலி எழுதாத நோட்டு

அத்தியாயம் பன்னிரண்டு

டால்டா டப்பாவுக்குள் கையை விட்ட செண்பகவல்லிக்கு விரலில் தட்டுப்பட்டது வெறும் அடித் தகரம்தான். கவிழ்த்துத் தட்டினாள். நோட்டுகளைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் மட்டும் சுருண்டு விழுந்தது.

ஐந்நூறு ரூபாய். ஒரு வருஷமாக அரையும் முக்காலுமாகச் சேர்ந்த சில்லறை, போன வாரம்தான் ஐந்து முழு நோட்டாக மாறியிருந்தது.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்தப் பணம் செம்பூர் மருந்துக் கம்பெனியின் கேண்டீனில் டெபாசிட்டாகக் கட்டப்பட வேண்டும். கேண்டீன் மேனேஜர் சந்திரமௌலி, அவள் கையால் சுட்ட முறுக்கில் மூன்றை நின்றபடியே தின்று, நாலாவதைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போன கதை வாசகர்களுக்கு மறந்திருக்காது. வாரம் மூவாயிரம் முறுக்கு, நூற்றுக்கு ஐந்து ரூபாய். ஈரானி டீக்கடைக்காரர்கள் நாலு ரூபாய்க்கு மேல் ஒரு நயா பைசா ஏற்றித் தரமாட்டார்கள். "சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள டெபாசிட் வரலைன்னா அடுத்த பார்ட்டிக்குப் போயிடும்மா" என்று சந்திரமௌலி கறாராகச் சொல்லியிருந்தார்.

டப்பா இருந்த இடம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவர் அவள் புருஷன் இசக்கிப்பாண்டி.

அந்த நேரம் பார்த்து, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தண்ணீர்க் குடங்களோடு உள்ளே வந்தாள் முப்பிடாதி. கொழுந்தன் பெண்டாட்டி. துறைமுகத்தில் டபுள் ஷிப்ட் பார்க்கும் புருஷனை வாரத்தில் இரண்டு நாள் பார்ப்பாள். மற்ற ஐந்து நாளும் அவள் பார்ப்பது முறுக்கு நாழியைத்தான். நாழியை அழுத்தி அழுத்தி அவளுடைய வலது உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

"அக்கா, குழாயடியில நம்ம வீட்டப் பத்தித்தான் பேச்சு! ஊர்க் கொடைக்குப் பட்டியல் ஒட்டியிருக்காவளாம். அத்தான் பேருதான் மேல இருக்காம்லா!"

"எந்த அத்தான் பேருட்டி?"

"நம்ம அத்தான்தான். எத்தன அத்தான் இருக்காக எனக்கு?"

செண்பகவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குடங்களின் வரிசையை விலக்கிக்கொண்டு சுவரின் முன் போய் நின்றாள். மஞ்சள் காகிதத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தது. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. மூன்றாம் நாள் வில்லுப்பாட்டு, மேளம், சாப்பாடு அனைத்துக்கும் உபயம்: பம்பாய் தாராவி முறுக்குக் கம்பெனி முதலாளி திரு. இசக்கிப்பாண்டி அவர்கள். ரூ. 500.

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக்கூட்டாமலே வாசிப்பாள். அதில் 'முதலாளி' என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள்.

இந்தப் பட்டியல் இன்று ராத்திரி மெட்ராஸ் மெயிலில் பணத்தோடு ஊருக்குப் போகும். திருநெல்வேலியில் அச்சாகி நோட்டீசாக ஒட்டப்படும். அதற்குப் பிறகு மைக்கில் மூன்று நாளும் முழங்கும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனாவது ஒரு தேங்காயோடு நிறுத்திக்கொண்டான்!

"முதலாளிப் பொண்டாட்டி, கொஞ்சம் தள்ளி நில்லு, குடம் வைக்கணும்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது இசக்கிப்பாண்டி கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"டப்பாவுல இருந்த ரூவா எங்க?"

சீப்பு நின்றது. "எடுத்தேன். சாமிக்குத்தான எடுத்தேன்? சாராயத்துக்கா எடுத்தேன்?"

"யாரக் கேட்டு எடுத்திய?"

"என்னட்டி கேள்வி இது? என் கம்பெனிக் காச எடுக்க நான் யாரக் கேக்கணும்?"

"இன்னைக்குச் சாயங்காலம் டெபாசிட்டு கட்டணும்னு தெரியுமா தெரியாதா?"

"திங்கக்கிழம கட்டிக்கிடலாம். ரெண்டு நாள்ல செம்பூர் என்ன ஓடியா போயிரும்? அந்தக் கேண்டீன் ஐயர் நம்ம முறுக்க விட்டுட்டு இருப்பாரா?" சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு குரல் இறங்கியது. "போன வருஷக் கொடையில தோல் கம்பெனி ஆறுமுகநயினார் பேர மைக்குல எத்தன தடவ சொன்னான் தெரியுமா? ஒரே வண்டியில பம்பாய்க்கு வந்தவங்க நாங்க ரெண்டு பேரும். அவனுக்கு மால போடுதாங்க. நான் கூட்டத்துல நிக்கேன், ஒரு பய திரும்பிப் பாக்கல. ஒரே ஒரு தடவ என் பேரும் கேக்கட்டுமேன்னு நெனச்சேன். தப்பா?"

தப்பு என்று அவள் வாய் வரை வந்தது. அந்த ஆசை அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் கோபம் இரட்டிப்பாக வந்தது. தன் ஆசைக்கு இவர் தன் கையில் இருந்ததைக் கொடுத்திருக்கலாமே!

"அது லாபக் காசுட்டி" என்றார் அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "லாபம்னு வந்தா சாமிக்கு ஒரு பங்கு குடுக்கணும். மத்தியானம் சங்கத்துல கூட்டம் இருக்கு. சோறாக்கி வையி."

போய்விட்டார்.

செண்பகவல்லி கணக்கு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு வருஷமாக இதில் இருப்பதெல்லாம் அவள் கையெழுத்துதான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவர் சாய்ந்து உட்கார்ந்து சொல்லுவார், அவள் எழுதுவாள். இன்றைக்கு அந்த லாபத்தின் முகத்தைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஒரு நாளைக்கு ஆயிரம் முறுக்கு. வரவு நாற்பது ரூபாய். அரிசி, உளுந்து, எண்ணெய், விறகு எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டு. அடுத்த வரி: 'சைக்கிள், டீ, பீடி, ரூ. 2'. முறுக்கு டின்னைக் கடைகளுக்குக் கொண்டு போய்ப் போடும் முதலாளியின் வழிச்செலவு. மீதி ஆறு ரூபாய். மாதம் இருபத்தாறு நாள். நூற்றைம்பத்தாறு ரூபாய் லாபம். மாதாமாதம் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாள்.

விரல் அந்தப் பீடிக்கு மேலேயே நின்றது. பீடிக்கு ஒரு வரி இருக்கிறது. அடுப்புக்கு முன்னால் வேகிறவளுக்கு எங்கே வரி?

"ஏட்டி முப்பிடாதி, அந்த அப்பளக் கம்பெனி நஜ்முன்னிசா உன்ன வேலைக்குக் கூப்பிட்டாளே, என்ன கூலி தாரேன்னா?"

"ரெண்டரை ரூவா. உங்களக்கூட அடுப்புக்குக் கேட்டாளே, மூணு ரூவா தாரேன்னு. அத்தான்தான் 'முதலாளி வீட்டுப் பொம்பளைய கூலிக்குப் போவுமா'ன்னு வெரட்டி விட்டாக."

மூன்றும் இரண்டரையும் ஐந்தரை. இருபத்தாறு நாளைக்கு நூற்று நாற்பத்து மூன்று. நூற்றைம்பத்தாறில் அதைக் கழித்தால் பதின்மூன்று.

மறுபடி போட்டுப் பார்த்தாள். பதின்மூன்றேதான்.

முறுக்குக் கம்பெனியின் மாத லாபம் பதின்மூன்று ரூபாய். மிச்சமெல்லாம் இரண்டு பொம்பளைகளின் கூலி. லாபம் என்று தன் கையாலேயே எழுதி, தன் கையாலேயே அடிக்கோடும் போட்டு, நாலு வருஷம் தன்னையே ஏமாற்றியிருக்கிறாள். அவர் சொல்லவில்லை, சரி. எழுதினவளுக்கு மூளை எங்கே போயிற்று? புருஷன் மேல் வந்த கோபத்தைவிட அந்த நிமிஷம் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

"கைய கழுவிட்டு வாட்டி" என்றாள்.

"எங்கக்கா?"

"சங்கத்துக்கு."

முப்பிடாதிக்குக் கண் பிதுங்கியது. "அங்க பொம்பளைய யாரும் ஏற மாட்டாங்களே!"

"நம்ம காசு ஏறியிருக்குல்லா? நாமளும் ஏறுவோம்."

ஊர்ச் சங்கம் ஒரு மாடி அறை. செங்குத்தான மர ஏணி. சனிக்கிழமை அரை நாள் என்பதால் மில்லிலிருந்தும் பட்டறையிலிருந்தும் வந்த ஆண்கள் இருபது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சங்கத் தலைவர் பிரம்மநாயகம். மூக்குக் கண்ணாடி, மடியில் தகரப் பெட்டி. பத்து நயா பைசா பிசகினாலும் மூன்று நாள் தூங்காத மனுஷன். அவருக்கு வலப்பக்கம் முதல் வரிசையில், வாழ்க்கையில் முதல் தடவையாக, இசக்கிப்பாண்டி.

ஏணியில் இரண்டு பெண் தலைகள் முளைத்ததும் பேச்சு நின்றது.

"என்ன தாயி? வீட்டுல எதுவும் விசேஷமா?" என்றார் பிரம்மநாயகம்.

"விசேஷம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எங்க காசு ஐந்நூறு ரூவா தவறி இங்க வந்திருக்கு. வாங்கிட்டுப் போகலாம்னு வந்தோம்."

இசக்கிப்பாண்டி பாய்ந்து எழுந்தார். "ஏட்டி! கீழ எறங்கு! நாலு பேருக்கு முன்னால மானத்த வாங்காத!"

"நாலு பேருக்கு முன்னாலதான குடுத்திய? அங்கேயே கேக்கேன்." நோட்டைப் பிரித்துத் தலைவர் முன் வைத்தாள். "அண்ணாச்சி, நீங்க கணக்குல புலி. இது லாபமா, எங்க ரெண்டு பேரு கூலியான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. கூலி ரேட்டு நான் சொல்லல, அப்பளக் கம்பெனியில கேட்டுக்கிடுங்க."

பிரம்மநாயகம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். கணக்கு என்றால் அவரால் பார்க்காமல் இருக்க முடியாது. உதடு அசைந்தது. விரல் இறங்கியது. பீடி வரியில் ஒரு கணம் நின்று இசக்கிப்பாண்டியை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மெள்ளச் சொன்னார்:

"கணக்கு சரியாத்தான் இருக்கு. மாசத்துக்குப் பதிமூணு ரூவா."

"அவுக ஒரு மாசத்துக்குச் சொல்லுத லாபம், ஒரு வருஷத்துக்குத்தான் அண்ணாச்சி வருது" என்றாள் செண்பகவல்லி.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இசக்கிப்பாண்டியின் கழுத்து நரம்பு புடைத்தது. "வீட்டுப் பொம்பள செய்யுத வேலைக்குக் கூலியா? அப்ப சோறு பொங்குனதுக்கும் பில்லு போடுவியா? அண்ணாச்சி, நான் சொல்லுதேன், சாமிக்குக் குடுத்தது குடுத்ததுதான். சுடலை காசத் திருப்பி வாங்குத பயல் நான் இல்ல!"

"அவன் சொல்லுததும் சரிதான் தாயி" என்றார் தலைவர் சங்கடமாக. "குடுத்தவன் வாய் தொறந்து கேக்காம நான் எப்படித் திருப்பித் தாரது? மாடன் காசு. விளையாட்டில்ல."

அறை முழுக்க ஆமாம், ஆமாம் என்று தலையாட்டியது. இருபது ஆண்கள், ஒரு சாமி. செண்பகவல்லி கணக்கு நோட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். அழுதால் தோற்றாள் என்று அவளுக்குத் தெரியும். அழவில்லை.

"சரி அண்ணாச்சி. சாமிக்குப் போனது போகட்டும். பட்டியல்ல பேர மட்டும் திருத்திருங்க."

"எந்தப் பேர?"

"முதலாளி இசக்கிப்பாண்டின்னு எழுதியிருக்குல்லா, அத அடிச்சிருங்க. 'உபயம்: செண்பகவல்லி, முப்பிடாதி, ரெண்டு பேரு முறுக்குச் சுட்ட கூலி'ன்னு எழுதுங்க. நோட்டீசுலயும் அதத்தான் போடணும். மைக்குலயும் அதத்தான் சொல்லணும். பொய் சொல்லிக் குடுத்தா மாடனுக்கு ஆகாதுல்லா?"

இதுவரை ஏணிக் கம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒதுங்கி நின்ற முப்பிடாதி மெல்லத் தலையை நீட்டினாள்.

"எம் பேர முழுசாப் போடுங்க. முப்பிடாதியம்மாள்னு."

அவ்வளவுதான். அறை வெடித்துச் சிரித்தது. "ஏ இசக்கி, பொண்டாட்டி கூலியிலயா வில்லுப்பாட்டு வைக்கப் போற!" என்றார் ஒருவர். "மைக்குல கேக்க நல்லாருக்கும்வே!" என்றார் இன்னொருவர். பிரம்மநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. கணக்குப்படி பார்த்தால் அந்தப் பெண் கேட்பதில் பிசகில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பேனா மூடியைத் திறந்தார்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் இசக்கிப்பாண்டி கத்தினார்: "காசத் திருப்பிக் குடுங்க அண்ணாச்சி!"

சிரிப்பு அறுந்தது.

சுடலைமாடன் கோபத்தையாவது தாங்கிக்கொள்ளலாம், பெண்டாட்டி பெயர் மைக்கில் கேட்பதைத் தாங்க முடியாது. ஆம்பளை ரோஷம் என்பது இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஜெயித்தோம் என்ற சந்தோஷம் வரவே இல்லை.

தலைவர் பெட்டியைத் திறந்து ஐந்து நோட்டையும் நீட்டினார். இசக்கிப்பாண்டி கை நீட்டாமல் சுவரைப் பார்த்து நின்றார். செண்பகவல்லி வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் முதல் வரிசையின் மறு கோடியிலிருந்து ஆறுமுகநயினாரின் குரல் வந்தது, வெண்ணெய் தடவினாற்போல. "சாமி காரியம் நிக்கக் கூடாதுல்லா. மூணாம் நாளையும் நானே ஏத்துக்கிடுதேன் அண்ணாச்சி. என் பேரப் போட்டுக்கிடுங்க."

ஏணியில் இறங்கும்போது அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். புருஷன் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பாவம் என்று ஒரு நினைப்பு வந்தது. இன்றைக்கு அந்த நினைப்புக்கு நேரமில்லை.

சயானில் பஸ் பிடித்துச் செம்பூரில் இறங்கி, இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகக் கேண்டீனை அடைந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். சந்திரமௌலி மேஜை இழுப்பறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேளா! இனிமே வரமாட்டேள்னு நெனச்சேன். உங்க ஆத்துக்காரர் எங்கே? கான்ட்ராக்ட் அவர் பேர்லதானே?"

செண்பகவல்லி ஐந்து நோட்டையும் மேஜையில் வைத்தாள். "எங்க ரெண்டு பேரு பேருலயும் போடுங்க சார்."

"பொம்மனாட்டிகள் பேர்லயா? ஆபீஸ்ல ஆயிரம் கேள்வி கேப்பாளே."

"முறுக்கு சுடுதது நாங்க. இந்த ரூவா எங்க கூலி. இன்னொருத்தரு பேரப் போட்டா அதுக்கும் சேத்து நாங்கதான சார் சுடணும்?"

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். முப்பிடாதியின் காய்த்த கையை ஒரு தரம் பார்த்தார். பிறகு இங்க் பேனாவை உதறினார்.

"எழுதறேன். ஆனா ஒண்ணு, காதுல வாங்கிக்கோங்கோ. திங்கட்கிழமை காலம்பற ஆறரைக்கு ஆயிரம் முறுக்கு இந்த மேஜைக்கு வந்தாகணும். வரலைன்னா கான்ட்ராக்ட் ரத்து. டெபாசிட்டும் திரும்பி வராது. ரூல் அப்படி."

"வரும் சார்."

ரசீதில் ஈரம் காயும் முன்பே வாங்கி வாசித்தாள். இரண்டு பெயரும் முழுசாக இருந்தன. பஸ்ஸில் முப்பிடாதி அதை வாங்கி வைத்துக்கொண்டு, தன் பெயர் எது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

இருட்டுமுன் தெருவுக்குள் திரும்பியபோதே செண்பகவல்லிக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. முறுக்கு சுடவென்று தனியாக வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையான அடுப்புக் கோலியின் முன்னால் அக்கம்பக்கத்துச் சனம் கூடி நின்றது. உள்ளே இருக்கிறது எல்லாம்: இரட்டை அடுப்பு, இரும்புச் சட்டி, நாழி, இரண்டு டின் எண்ணெய், திங்கட்கிழமைக்கென்று இடித்து வைத்த மாவு. கதவில் புதுசாகக் கைப்பிடி அளவுக்கு ஒரு பூட்டு. அதற்கு முன்னால் கவிழ்த்த டின்னில் இசக்கிப்பாண்டி உட்கார்ந்திருந்தார். சாவியைக் கயிற்றில் கோத்துப் பூணூல் மாதிரி குறுக்கே மாட்டியிருந்தார்.

"வாங்க முதலாளியம்மா" என்றார். குரலில் கூச்சலே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "டெபாசிட்டு கட்டியாச்சா?"

"கட்டியாச்சு."

"யாரு பேருல?"

"எங்க பேருல."

"நல்லது. இந்தக் கோலிக்குப் பகடின்னு முன்பணம் கட்டுனவன் நான். வாடகைச் சீட்டு என் பேருல. ஆர்டர் உங்க பேருல வாங்கியாச்சுல்லா? அடுப்பும் உங்க பேருல ஒண்ணு தேடிக்கிடுங்க." எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார். "பசிக்கு. சோத்த எடுத்து வையி."

முப்பிடாதி அவள் முழங்கையை இறுகப் பிடித்தாள். கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளை ஒரு பகல், ஒரு ராத்திரி. அதற்குள் ஆயிரம் முறுக்கு. அடுப்பு எங்கே, சட்டி எங்கே, எண்ணெய்க்குக் காசு எங்கே என்று அவளுக்கும் தெரியாது.

தெரிந்தது ஒன்றுதான். அதைப் புருஷனுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"ஏட்டி முப்பிடாதி, வீட்டுக்குப் போயி அடுப்பப் பத்த வச்சிராத. ஒரு அடுப்ப அவுக பூட்டிட்டாக, இன்னொண்ண நான் பூட்டுதேன். இனிமே இந்த வீட்டுல கூலி இல்லாம ஒரு பருக்கை வேகாது."